கொண்டியில் ஐந்து நிறம்

"மேலேயே அடிச்சு விடும்மா,
நாளைக்கு லோடு இருக்கு" என்று
டிரெய்லரிலிருந்து கழற்றிய இழுவைக் கொண்டியைச்
சாக்கோடு இறக்கிப் போட்டார் வைரக்கண்ணு.
நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
அரை மணி நேரம் என் பட்டறை வாசலில்தான் நின்றார்,
ஒன்றும் பேசாமல், பைக்கை அணைக்காமல்.

மேலேயே அடித்தால் ஒரு போகம் தாங்காது.
உரிகிற தோல்மேல் பவுடர் பூசுகிற வேலை.
ரிமூவர் டப்பாவைத் திறந்தேன்.

கையுறையில் ஊசி நுழைகிற ஓட்டை போதும் அதற்கு,
விரல் நுனியைத் தேடி வந்து சுடும்.
பிரஷ்ஷை ஒரே பக்கமாக இழுத்து, தடிமனாகத் தடவி,
காற்றில் காயாமலிருக்க
உரப் பையின் உள்தாளால் மூடி வைத்தேன்.
டீ குடித்துவிட்டு வந்தபோது பெயின்ட்
பாலேடு போலச் சுருங்கி எழுந்திருந்தது.

முதலில் பச்சை.
ஏலத்தில் எடுத்த கையோடு வைரக்கண்ணு அடித்தது,
வீட்டுக் கதவுக்கு வாங்கி மிஞ்சியது.
கீழே ஆரஞ்சு. ஃபைனான்ஸ்காரன் யார்டில் நின்ற காலம்.
அதில் ஒரு எண், பாதி மட்டும்:
நாலு, ஏழு, அப்புறம் ஏதோ ஒன்றின் வால்.
ஆரஞ்சுக்குக் கீழே வெள்ளி.
ஈரத்தில் யாரோ தொட்டுப் பார்த்த கட்டைவிரல் ரேகை
அப்படியே இருக்கிறது.
காய்ந்துவிட்டதா என்று தொடாமலிருக்க
எந்த ஊர்க்காரனாலும் முடிவதில்லை.
நீலத்துக்குள் ஒரு நெல் உமி,
எந்த வருஷத்துச் சம்பாவோ,
வார்னிஷ் போட்ட மாதிரி மினுங்கியது.
அதை மட்டும் தனியாக எடுத்து
டப்பா மூடிமேல் வைத்தேன், எதற்கென்று தெரியாது.

கடைசியில் ரெட் ஆக்ஸைடு.
அது சுரண்டிக்கு மசியவில்லை.
கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டினேன்.
துப்பட்டாவை மூக்குவரை கட்டியும் பல்லெல்லாம் செம்மண்.
வளையம் தண்டோடு சேர்கிற கழுத்தில்
பளபளக்க வேண்டிய இடம்
சாம்பலாகவே நின்றது.

பட்டி.
கார் கதவு நெளிசலுக்குப் பூசுகிற பட்டி.
திருப்புளியால் நெம்பினேன்.
பல்லிடுக்குப் பாக்கு போல விண்டு வந்தது.
உள்ளே விரிசல்.
வெல்டிங் ஓரமாகவே நடந்து நடந்து
பாதிச் சுற்று வந்துவிட்டிருந்தது.

ரெட் ஆக்ஸைடு அடித்த கைக்குத் தெரியும்.
பட்டி தானாக ஏறிக்கொள்ளாது.
அதன் மேல் வந்த நாலு நிறமும், பாவம்,
முகத்தை மட்டும் பார்த்து வந்தவை.

போன் போட்டேன்.
"இந்த ஒரு லோடுக்கு
பட்டி போட்டு மூடிடேன்மா."
"ஏற்கெனவே போட்டிருக்காங்க" என்றேன்.
அந்தப் பக்கம் ரயில் போகிற சத்தம்.
அப்புறம் சத்தமே இல்லை.

பிரைமர் அடிக்காமல் ஷட்டரை இறக்கினேன்.
தொழிலில் இது தப்பு.
தை மாதப் பனியில், மூன்று பக்கமும் வாய்க்கால் இருக்கிற ஊரில்,
வெறும் இரும்பை இரவு முழுக்க விடக் கூடாது.
விடிந்தபோது கொண்டி முழுதும்
மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி துரு.
விரிசல் மட்டும் கறுப்பாக, ஒரு மயிரிழை.
சாக்பீஸ் வட்டம் போட நினைத்திருந்தேன்,
தேவைப்படவில்லை.

டிராக்டரிலேயே வந்துவிட்டார்,
திட்டுவதற்கு வாய் திறந்தபடி.
குனிந்தார்.
கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார்.
நகம் உள்ளே போனது.

எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை.
போன புதன்கிழமை கொள்முதல் நிலையத்துக்கு
மூட்டைமேல் உட்கார்ந்து வந்தவர்களை
எண்ணத் தொடங்கினார், என்னிடமல்ல:
"பக்கிரி. சந்தனம். சந்தனத்தோட மச்சான்.
அஞ்சம்மா...
அஞ்சம்மா புள்ள அன்னிக்கு வந்துச்சா?
வந்துச்சு.
கரும்பு தின்னுக்கிட்டு ஓரத்துல உட்கார்ந்திருந்துச்சு."

டிராக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
போய் அணைத்துவிட்டு வந்தார்.

"உதுமான் பட்டறை எத்தனை மணிக்குத் தொறப்பான்?"
"ஒம்பது. வளையமே புதுசா போடணும்."
"போடட்டும்.
அதுக்கு மேல எந்தக் கலரும் வேணாம்மா,
கொஞ்ச நாளைக்கு."

துரு பிடிக்குமே என்று சொல்ல வந்தேன்.
நகத்திலிருந்த மஞ்சளை அவர்
வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.